நான் இறக்கிய ஐந்தாம் கம்பி

அன்பு மகன் பாண்டிக்கு,

பந்தக்கால், முகூர்த்தப் புடவை பற்றிய சேதி என்று நினைத்து இந்தக் கடிதத்தை மில் வாசலில் நின்றபடியே பிரித்துவிடாதே. அதெல்லாம் உன் அம்மா சொல்லச் சொல்லப் போன வாரமே எழுதிப் போட்டாயிற்று. இது நான் மட்டும் எழுதுவது. அறைக்குப் போய், குளித்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. இங்கே நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் கல்யாண வேலை என்றால் அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை, ஆரப்பாளையத்துக்கும் செல்லூருக்கும் பம்பரமாகச் சுற்றுகிறாள். சைக்கிள் கடை எப்போதும்போல ஓடுகிறது. யுத்தம் முடிந்தும் நல்ல டயர் வரத்து இல்லை. ஒட்டின ட்யூபையே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

சோழவந்தானுக்குப் பெண் பார்க்கப் போன அன்றிலிருந்தே உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். அன்று கேசரித் தட்டை நம் கையில் கொடுத்துவிட்டு உன் மாமனார், "மாப்ளைக்குப் பாட்டு கீட்டு ஏதும் உண்டா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் இல்லைங்க மாமா. எனக்குச் சுதி நிக்காது. காதெல்லாம் எங்கப்பாவுக்குத்தான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாயிலிருந்த கேசரி உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன், நினைவிருக்கிறதா? நெய் திகட்டிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நெய்யே இல்லாத கேசரி அது.

அது போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் எதையும் தள்ளிப்போடுகிறவன் என்று உனக்குத் தெரியும். ஆனால் திரும்பி வரும்போது, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற அந்த பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்திருக்க, நீயும் அம்மாவும் பின்னால் பேசிக்கொண்டு வந்தீர்கள். பெண் பாடிய பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தப் பிள்ள பயத்துல அரைக்கட்டை கூட எடுத்திருச்சும்மா. மேல போறப்ப தொண்ட இறுகுச்சு பாத்தியா? கொறச்சு எடுத்திருந்தா இன்னும் அம்புட்டு நல்லா இருந்திருக்கும்" என்றாய். "இப்பவே குத்தம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று அம்மா கேட்டதற்கு, "குத்தமில்லம்மா, நல்ல கொரலு" என்று நீ வெட்கப்பட்டது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. ஒரே ஒரு தரம் கேட்டு, அதுவும் தலையைக் குனிந்துகொண்டு காலால் பாயைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில், அரைக்கட்டை கூடுதல் என்று பிடித்தவன் தனக்குக் காது இல்லை என்கிறான். அதை நம்பி ஒரு பெண்ணுக்குப் புருசனாகவும் போகப் போகிறான். உன்னை அப்படி நம்பவைத்தவன் நான். அதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

கார்டு தொரையை உனக்கு மறந்திருக்காது. ரயிலில் கார்டாக வேலை பார்த்து, ரயில்வே காலனியில் இருந்த அந்த ஆங்கிலோ இந்தியருக்கு நீளமாக ஒரு பேர் உண்டு. நமக்கு அவர் கார்டு தொரைதான். சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுக்கக் கொண்டு வந்தவர், கேரியரில் கட்டியிருந்த கிதாரை வெயிலில் வைக்க மனமில்லாமல் கடைக்குள் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு நீ அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணைக்கூட நீ அப்படிப் பார்க்கவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்கு ஓட ஆரம்பித்தாய். ஒரு வருசத்தில் அவருடைய பழைய கிதார் ஒன்று நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மற்றவர்கள் மாரோடு அணைத்து வாசிக்கிறதை நீ மடியில் படுக்கப் போட்டு, கம்பிமேல் இரும்பை வைத்து இழுத்து வாசித்தாய். அந்த இரும்புக்கும் நம் கடைதான். உடைந்த அச்சு ஒன்றை எடுத்து மூன்று நாள் உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தாய். "பிள்ளயத் தூளியில போடுற மாதிரி போட்டு வச்சிருக்கான்" என்று சொல்லி, உன் அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையை அதற்குச் சுற்றக் கொடுத்தாள்.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அப்போது சொல்லவில்லை. நீ சுதி சேர்க்கும்போது நான் கடையில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நின்ற பிறகும் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். கார்டு தொரை சொல்லிக் கொடுத்தபடி, வழக்கமான சுதியிலிருந்து சில கம்பிகளை இறக்குவாய். பிறகு காதை மரத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, இம்மி இம்மியாக முறுக்காணியைத் திருப்புவாய். முடிந்ததும் எங்கேயும் விரல் வைக்காமல், இரும்பும் வைக்காமல், ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுப்பாய். அதுவே ஒரு பாட்டு முடிந்த மாதிரி இருக்கும். பக்கத்து டீக்கடை அண்ணன் ஆற்றின டீயை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மட்டும், "சத்தம் போதும், அந்த ட்யூபத் தண்ணியில முக்கிப் பாரு" என்பேன்.

இப்போது என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காதால்தான் எல்லாம் கெட்டது. சனிக்கிழமை பஜனையில் பன்னிரண்டு வருசம் தம்புரா பிடித்தவன் நான். தம்புராவில் நடுவில் இருக்கிற இரண்டு கம்பிக்கும் ஒரே சட்ஜம். இரண்டும் இழை பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் அது தம்புரா. கடையிலும் அதே கதைதான். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும்போது போக்ஸ் கம்பியை நகத்தால் தட்டித் தட்டிப் பார்ப்பேன். ஒரு பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். ஒன்று கூடக் கொடுத்தால் அங்கே இழுக்கிறது என்று அர்த்தம், இறக்கிவிட வேண்டியதுதான். எதைத் தட்டினாலும் மாறாகச் சத்தம் போடுகிற ஒன்றைத் தேடிப் பிடித்து மற்றதோடு சேர்த்துவிடுவது என் கைக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன் என்று உன் அம்மா சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இருக்காது.

நாடகக் கம்பெனி ஊருக்குள் கொட்டகை போட்டிருந்தபோது, புதுச் சத்தமாக ஏதாவது வேண்டும் என்று முதலாளி தேடுகிறார் என்று கேள்விப்பட்டு நீ போய்ப் பேசிவிட்டு வந்தாய். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். அன்று விடிந்ததும் எழுந்து சுதி சேர்த்து, சேலையில் சுற்றிவைத்துவிட்டு வைகைக்குக் குளிக்கப் போனாய். போகும்போது, "யாரும் தொட்டுராதீகப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் வேறு யாருக்குச் சொல்லியிருப்பாய்?

சேலையைப் பிரித்தேன். பிள்ளை முதன்முதலாகச் சபையில் வாசிக்கப் போகிறான், ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இது சத்தியம். தடித்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம், சட்ஜம். என் மகன் என்று பெருமையாக இருந்தது. ஐந்தாவது கம்பியைத் தட்டினேன், காந்தாரம். ஆறாவது மறுபடியும் பஞ்சமம். காந்தாரத்துக்கு என்று ஒரு கம்பியா! தம்புராவில் அதற்குத் தனியாகக் கம்பி கிடையாது. சட்ஜமும் பஞ்சமமும் சுத்தமாகச் சேர்ந்தால் காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாகக் கேட்கும். அதைக் கேட்கத்தான் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பையன் அவசரத்தில் ஒரு கம்பியைக் கோட்டை விட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஐந்தாவதை மெல்ல இறக்கி, பக்கத்தில் இருக்கிற நாலாவதோடு இழைய வைத்தேன். இரண்டும் ஒன்றானபோது எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா? திரும்பச் சேலையைச் சுற்றி, நீ போட்டிருந்த முடிச்சு மாதிரியே போட்டு வைத்தேன். அந்த முடிச்சை அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டபோதே நான் செய்தது சரியில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ மத்தியானம் வந்தாய். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கீறல். கிதாரை மூலையில் சாய்த்துவிட்டு என்னிடம்தான் முதலில் சொன்னாய். "வண்டி குலுங்குனதுல ஒரு கம்பி எறங்கிருச்சுப்பா. அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்காக. அவசரமா ஏத்துனேன், அந்துருச்சு. மொதலாளி சிரிச்சுக்கிட்டே, மொதல்ல சுதி சேக்கப் படிச்சிட்டு வா தம்பின்னுட்டாரு" என்றாய். யுத்தம் நடந்த நேரம். மாற்றுக் கம்பிக்கு எங்கே போவது? நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீ செய்தது தப்பு, நான் செய்தது சரி என்றுதான் அந்த நிமிசம்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இறக்கினதை அப்படியே விட்டிருந்தால் அறுந்திருக்காதே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தில் சொன்னேன்: "சுதி நிக்கிறதுக்கு ஒரு காது வேணும்டா. அது எல்லாத்துக்கும் வாய்க்காது. கடையப் பாரு."

அம்மா கீறலுக்கு மஞ்சள் வைத்தாள். நீ சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு சக்கரத்தை எடுத்து உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்கு நீ கோட்டம் எடுத்த சக்கரம் போல நான்கூட எடுத்ததில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், எழுதக் கை கூசினாலும். நீ கம்பெனியோடு ஊர் ஊராகப் போகப் போவதில்லை, கடையில் என் பக்கத்திலேயே இருக்கப் போகிறாய் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ரெண்டு வருசம்தான் ஆயுசு. பிறகு நீ கோயம்புத்தூர் மில்லுக்கு மெக்கானிக்காகப் போய்விட்டாய்.

நீ கிதாரை ஆணியில் மாட்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். கார்டு தொரைக்கு மாற்றல் வந்துவிட்டது. சொல்லிக்கொண்டு போக வந்தார். நீ சாமான் வாங்கப் போயிருந்தாய். ஒரு கம்பி இல்லாமல் தொங்குகிறதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், பையன் காந்தாரத்தில் வைத்துவிட்டான், நான்தான் சட்ஜத்தில் சேர்த்தேன் என்று. மனுசன் என் முகத்தையே பார்த்தார். பிறகு கிதாரை மடியில் வைத்து மற்றக் கம்பிகளைச் சரி செய்தார். "மேஸ்திரி, வழக்கமா வைக்கிற சுதியில இருந்து மூணு கம்பிய எறக்குவோம். மூணு அப்படியே நிக்கும். நீங்க எறக்குனது நிக்கிற கம்பி. அதை நாங்க தொடவே மாட்டோம். மத்தது எல்லாம் அதுகூட வந்து சேரணும்" என்றார். அறுந்த கம்பி கொடுத்திருக்க வேண்டிய சத்தத்தை, பக்கத்துக் கம்பியில் இரும்பை ஏற்றி வைத்து எழுப்பி, தன் வாயால் சட்ஜத்தையும் பிடித்துக் காட்டினார். நீ தினமும் காலையில் இழுப்பாயே, அந்தச் சத்தம். அந்த ஒரு காந்தாரம்தான் அதைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புறப்படும்போது கேட்டார்: "பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" "சொல்லிருவேன் தொரை" என்றேன்.

நாலு வருசம் ஆகிவிட்டது. சொல்லவில்லை. தெரியாமல் இறக்கியதை நீ மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் பார், அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். நீ பொங்கலுக்கு வரும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ வந்ததும் என் முன்னால் உட்கார்ந்து, "கடை எப்படிப்பா ஓடுது?" என்று கேட்பாய். கடையைப் பற்றியே பேசி முடித்துவிடுவேன். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டுக் காளவாசல் வரைக்கும் காரணமே இல்லாமல் நடந்து போய்த் திரும்பி வருவேன்.

சோழவந்தானிலிருந்து வந்த மறுநாள் கிதாரை ஆணியிலிருந்து எடுத்தேன். சேலையில் எலி ஓட்டை. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் பக்கத்துக் கடையில் வீணைக் கம்பி வாங்கி, நுனியில் ஒரு சின்னப் பித்தளை வளையத்தைக் கோத்து முறுக்கி, ஐந்தாவது கம்பியை நானே மாட்டினேன். பிறகு சுதி சேர்க்க உட்கார்ந்தேன். சட்ஜமும் பஞ்சமமும் உடனே நின்றுவிட்டன. காந்தாரம் மட்டும் எனக்கு அகப்படவில்லை, பாண்டி. தனியாகத் தட்டினால் சரியாக இருக்கிறது, ஆறையும் சேர்த்து இழுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இருபது நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். பன்னிரண்டு வருசம் தம்புரா பிடித்த காது இது. நீ கண்ணை மூடி உதட்டைக் கடித்து ஐந்து நிமிசத்தில் செய்து முடித்த வேலை எனக்கு வரவில்லை. "அஞ்சு சிரிக்குது, ஒன்னு அழுவுது. விட்டுருங்க, அவன் வந்து பாத்துக்கிருவான்" என்கிறாள் உன் அம்மா.

அவளைப் பற்றி ஒரு சேதி. இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதும் பக்கத்தில் வந்து நின்றாள். "எழுதிட்டீகளா? எப்ப எழுதுவீகன்னுதான் நாலு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். அன்று காலையில் நான் முடிச்சுப் போட்டதை அடுப்படியிலிருந்து பார்த்திருக்கிறாள். ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா அது கோள். நீங்க சொல்லணும்" என்றாள். நாலு வருசம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே காத்திருந்திருக்கிறாள். உனக்கு வரப்போகிறவள் இவ்வளவு காத்திருப்பாள் என்று எண்ணிக்கொள்ளாதே.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பார்வதி உன் வீட்டுக்கு வந்ததும் அவள் பேச்சு, சாப்பாட்டு ருசி, கோபம் எல்லாம் உனக்குப் புதிதாக இருக்கும். மாறாகச் சத்தம் கேட்டால் உடனே கையை நீட்டி இறக்கப் போகாதே. அது அவள் இஷ்டத்துக்கு வைத்த சுதியாக இருக்கும், கேட்டுப் பார். சில இடத்தில் நீ இறங்கி வர வேண்டியிருக்கும், சில இடத்தில் அவள் வருவாள். எது நிற்கிற கம்பி என்று தெரியாமல் தொடாதே. முக்கியமாக, அவள் குளிக்கப் போயிருக்கும்போது எதையும் தொடாதே. தெரியாமல் தொட்டுவிட்டாய் என்றால் அவள் ஈரத் தலையோடு வந்து நிற்கும்போதே சொல்லிவிடு. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாயானால், உன் அப்பாவைப் போல நாலு வருசம் ஆகிவிடும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அப்பன் மகனிடம் கேட்பதற்கு என்ன வார்த்தை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் கேட்கிறேன் தம்பி. நீ கம்பெனியில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பாயோ எனக்குத் தெரியாது, அதை என்னால் திருப்பித் தர முடியாது. காது மட்டும் உன்னுடையது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்; இப்போது கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்குக் கிதாரோடுதான் வருவோம். உன் அம்மா புதுச் சுங்குடி ஒன்று எடுத்துச் சுற்றி வைத்திருக்கிறாள். ஐந்து கம்பியை நான் ஏற்றி வைத்திருக்கிறேன். காந்தாரத்தை மட்டும் தளர்த்தி விட்டிருக்கிறேன், அதை நீ ஏற்று. சம்பந்தி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது உன் மாமனார் மறுபடியும் பாட்டைப் பற்றிக் கேட்பார். அவர் கேட்காவிட்டால் நான் கேட்க வைப்பேன். அப்போது எனக்குச் சுதி நிற்காது என்று சொல்லாதே. "எங்கப்பா தொட்டுட்டாருங்க மாமா" என்று சொல். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆமாம் என்பேன்.

உன் அப்பா